எழுதிக் கொடுத்த அதிகாரம்: நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய உறுப்பினர்களே,

உங்கள் அவையின் பெயர் நாடாளுமன்றம், தேசியப் பேரவை, காங்கிரஸ் என எதுவாக இருந்தாலும், அது எந்த நாட்டில் கூடினாலும், இம்மடல் உங்களுக்கே எழுதப்படுகிறது. சட்டமியற்றல், ஆட்சி, நீதி ஆகிய மூன்றும் ஒரே கையில் சேராமல் காக்கும் அதிகாரப் பிரிவினை குறித்த முறையீடுகள் வழக்கமாக நீதிபதிகளின் வாசலில் போய் நிற்கும். அல்லது அதிபர், பிரதமர் ஆகியோரின் பெயருக்கு எழுதப்படும். உங்களை நோக்கி எவரும் எழுதுவதில்லை என்பதே இன்றைய நிலையைப் பற்றிப் போதுமான அளவு சொல்லிவிடுகிறது. நான் பல ஆண்டுகள் சட்டம் கற்பித்தவன். ஆட்சியிலிருப்பவர் வரம்பு மீறினால் அவரைத் தடுக்க வேண்டியவர் யார் என்று முதல் வகுப்பிலேயே மாணவர்களிடம் கேட்பது என் வழக்கம். ‘நீதிமன்றம்’ என்ற விடை உடனே வரும். சிலர் ‘பத்திரிகைகள்’ என்பார்கள். ‘நாடாளுமன்றம்’ என்று சொன்ன ஓரிருவரும் அதை ஐயத்தோடுதான் சொன்னார்கள். அந்த ஐயத்திற்கு நீங்கள் எந்த அளவுக்குக் காரணம் என்பதைப் பற்றியே எழுத விரும்புகிறேன்.

நான் சொல்ல வந்தது இதுதான்: நாடாளுமன்றங்கள் இழந்த அதிகாரத்தில் பெரும்பகுதி அவற்றிடமிருந்து பறிக்கப்பட்டதில்லை. சொத்தை மூத்தவன் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவரைப் போல, உரிய நாளில், உரிய உறுப்பினர் எண்ணிக்கையுடன், முறைப்படி வாக்கெடுப்பு நடத்தி, அவற்றின் உறுப்பினர்களே அதை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

அதிகாரங்கள் ஒரே கையில் குவிந்தால் சுதந்திரம் இல்லை என்று பிரெஞ்சுச் சிந்தனையாளர் மாந்தெஸ்கியூ 1748இல் எழுதியபோது, அவர் எடுத்துக்காட்டாகக் கொண்ட நாடு இங்கிலாந்து. அதே இங்கிலாந்தைப் பற்றி அந்நாட்டு எழுத்தாளர் வால்டர் பேஜட் 1867இல் எழுதுகையில், ஆட்சி நடத்தும் நிறைவேற்றுத்துறையும் சட்டமியற்றும் துறையும் ஏறத்தாழ முழுமையாக ஒன்றிக் கலந்திருப்பதே அந்நாட்டு ஆட்சிமுறையின் செயல்திறனுக்குக் காரணம் என்றார். ஒரே வீட்டை இருவர் பார்த்து, ஒருவர் நடுச்சுவரைக் கண்டதும் மற்றவர் திறந்த கூடத்தைக் கண்டதும் விந்தையாகத் தோன்றலாம். ஆனால் நாடாளுமன்ற முறையைப் பின்பற்றும் நாடுகளின் இன்றைய சிக்கல் முழுவதும் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. அரசாங்கம் அவைக்குள்ளிருந்தே பிறக்கிறது, அவையின் பெரும்பான்மையால் வாழ்கிறது. அதனால் அந்தப் பெரும்பான்மையைக் கண்காணிப்பாளராகவும் இருக்கச் சொல்வது இயல்புக்கு மாறான எதிர்பார்ப்பாகிவிடுகிறது.

அதிபர் முறை இதிலிருந்து தப்பிவிட்டதாக நினைக்க வேண்டாம். ஒரு பதவியின் பேராசையை மற்றொரு பதவியின் பேராசை எதிர்கொள்ள வேண்டும் என்று 1788இல் அமெரிக்க அரசியலமைப்பை வடித்தவர்களுள் ஒருவரான ஜேம்ஸ் மாடிசன் வாதிட்டார். பதவியில் இருப்பவர் தம் அவையின் உரிமையைத் தம் சொந்த உரிமையாகக் கருதி விட்டுக்கொடுக்க மறுப்பார் என்பது அவருடைய கணக்கு. அந்தக் கணக்கில் கட்சிக்கு இடமில்லை. அவைக்கும் கட்சிக்கும் இடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க நேரும்போது உறுப்பினர் கட்சியையே தேர்ந்தெடுப்பார் என்பது பின்னர்தான் புலப்பட்டது. ஆகவே மூன்று துறைகளையும் மூன்று பெட்டிகளாக வரைந்து அம்புக்குறிகள் இடும் பாடப்புத்தகப் படத்தை நான் இப்போதெல்லாம் கரும்பலகையில் வரைவதில்லை. ஒரே கட்சி இரண்டு பெட்டிகளில் அமர்ந்திருக்கும்போது அந்த அம்புகள் எதையும் குத்துவதில்லை.

எழுதிக் கொடுத்ததன் மிகக் கொடிய உதாரணத்தை நீங்கள் அறிவீர்கள். 1933 மார்ச் 23 அன்று ஜெர்மனியின் நாடாளுமன்றம், தன்னைக் கேட்காமலே சட்டம் இயற்றும் அதிகாரத்தை இட்லரின் அரசுக்கு வழங்கியது. ஆதரவு 444, எதிர்ப்பு 94. கம்யூனிஸ்ட் உறுப்பினர்கள் அவைக்குள் வர இயலவில்லை. சீருடையணிந்த அடியாள்கள் சுற்றி நின்றார்கள். எனவே அதைச் சுதந்திரமான வாக்கெடுப்பு என்று கூற முடியாது. ஆயினும் அங்கிருந்த சமூக ஜனநாயகக் கட்சியினர் அத்தனை பேரும் அதே அச்சுறுத்தலின் நடுவே எதிர்த்து வாக்களித்தார்கள் என்பதையும், மூன்றில் இரண்டு பங்கு கிடைப்பதற்கு மையவாதக் கட்சிகளின் வாக்குகள் தேவைப்பட்டன, அவை கிடைத்தன என்பதையும் மறக்கலாகாது. போருக்குப் பின் 1949இல் அரசியலமைப்பாக எழுதப்பட்ட அடிப்படைச் சட்டம் அந்த நாளை மனத்தில் வைத்தே சில பிரிவுகளை அமைத்தது. அவற்றுள் புகழ்பெற்றவை வேறு. எனக்கு முக்கியமாகப் படுவது 80ஆம் பிரிவு. அரசாங்கத்திற்கு விதிகள் வகுக்கும் அதிகாரத்தை நாடாளுமன்றம் அளிக்கலாம், ஆனால் அந்த அதிகாரத்தின் உள்ளடக்கம், நோக்கம், எல்லை ஆகிய மூன்றையும் சட்டத்திலேயே குறிப்பிட்டாக வேண்டும் என்கிறது அது. கொடுப்பவனின் கையையும் கட்டிப்போடும் இத்தகைய பிரிவு, எழுதிக் கொடுப்பதன் விலையை அனுபவித்த நாட்டுக்கு மட்டுமே தோன்றும் போலும்.

இது பழங்கதை என்பீர்களானால், 2020 மார்ச் 30 அன்று ஹங்கேரியின் நாடாளுமன்றம் 137க்கு 53 என்ற கணக்கில் நிறைவேற்றிய சட்டத்தைப் பாருங்கள். பெருந்தொற்றைக் காரணம் காட்டி, முடிவுத் தேதி எதுவும் குறிக்காமல், ஆணைகளால் ஆளும் அதிகாரம் அரசுக்கு அளிக்கப்பட்டது. ஜூனில் அச்சட்டம் விலக்கப்பட்டது உண்மை. ஆனால் ஆணைகளால் ஆளும் வழக்கம் பின்னர் வேறு காரணங்களோடு திரும்பி வந்தது.

இவ்வளவு வெளிப்படையாக நடப்பவை அரிது. அன்றாடம் நடப்பது ஓசையின்றி நடக்கிறது. நீண்ட மசோதா ஒன்றின் கடைசிப் பக்கங்களில், ‘இச்சட்டத்தின் நோக்கங்களை நிறைவேற்றும் பொருட்டு அரசு விதிகளை வகுக்கலாம்’ என்று ஒரு பிரிவு இருக்கும். அதற்குச் சற்றுத் தள்ளி, நடைமுறையில் எழும் இடர்ப்பாடுகளை ஆணை மூலம் நீக்கிக்கொள்ளலாம் என்றும் ஒரு பிரிவு இருக்கும். சில நாடுகளில் அந்த ஆணையைக் கொண்டு சட்டத்தின் வாசகத்தையே அமைச்சர் மாற்றிவிட முடியும். ஆங்கிலேயச் சட்ட மரபில் இதற்கு எட்டாம் ஹென்றிப் பிரிவு என்று பெயர். அம்மன்னரின் பிரகடனங்களுக்குச் சட்டத்தின் வலுவை அளித்த 1539ஆம் ஆண்டுச் சட்டத்தை நினைவூட்டும் பெயர் அது. அதிகாரத்தின் மீது பேராவல் கொண்ட மன்னர் ஒருவரின் பெயரைக் கேலியாகச் சூட்டியபின்னும் அப்பிரிவை நாடாளுமன்றங்கள் தொடர்ந்து நிறைவேற்றி வருகின்றன.

அவையின் முன் வைக்கப்படும் விதிகளை நிராகரிக்கும் உரிமை உங்களுக்கு உண்டு என்று பதில் வரும். உண்டுதான். பிரிட்டனில் பெரும்பாலான விதிகள், 40 நாள்களுக்குள் எவரும் எதிர்த்து ரத்துச் செய்யாவிட்டால் நிலைத்துவிடும் முறையில் அவையின் முன் வருகின்றன. காமன்ஸ் சபை அவ்வாறு ஒரு விதியைக் கடைசியாக ரத்துச் செய்தது 1979இல். அதற்குப் பிந்தைய இத்தனை ஆண்டுகளில் வந்த எல்லா விதிகளும் குறையற்றவையாக இருந்தன என்று நம்ப என்னால் இயலவில்லை; உங்களால் இயலுமா?

இந்தியாவில் சட்டமன்றம் கூடியிராத வேளைக்கென்று அவசரச் சட்டம் என்ற ஏற்பாடு உண்டு. அவை மீண்டும் கூடி ஆறு வாரங்களில் அது காலாவதியாக வேண்டும். பீகாரில் 1967 முதல் 1981 வரை 256 அவசரச் சட்டங்கள் திரும்பத் திரும்பப் பிறப்பிக்கப்பட்டு, ஓராண்டிலிருந்து பதினான்கு ஆண்டுகள் வரை உயிரோடு வைக்கப்பட்டிருந்தன. இதைத் தோண்டி எடுத்து உச்ச நீதிமன்றத்தின் முன் கொண்டு சென்றவர், அந்தச் சட்டமன்றத்தின் உறுப்பினர் ஒருவரல்லர். பொருளாதாரப் பேராசிரியர் ஒருவர். 1986 டிசம்பரில் வந்த தீர்ப்பு அவ்வழக்கத்தைக் கண்டித்தது. 2017இல் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு, மறுபிறப்பிப்பு அரசியலமைப்பின் மீதான மோசடி என்று மீண்டும் சொல்ல வேண்டியிருந்தது. தன் வேலையை வேறொருவர் பதினான்கு ஆண்டுகள் செய்துகொண்டிருந்ததை ஓர் அவை கவனிக்கவில்லை என்றால் நம்புவது கடினம். கவனித்தும் பேசாதிருந்தது என்றே கொள்ள வேண்டும்.

கொடுப்பது எளிது, திரும்பப் பெறுவது அரிது என்பதை வெறும் பழமொழியாக நான் சொல்லவில்லை. அது வாக்குகளின் எண்ணிக்கையில் உள்ள கணக்கு. அமெரிக்கக் காங்கிரஸ் 1976இல் தேசிய நெருக்கடிகள் குறித்த சட்டத்தை இயற்றியபோது, அதிபர் அறிவிக்கும் நெருக்கடி நிலையை இரு அவைகளும் சேர்ந்து, அதிபரின் கையெழுத்தின்றியே, ஒரு தீர்மானத்தால் முடித்துவைக்கலாம் என்று வைத்திருந்தது. கொடுத்ததைத் திரும்ப இழுத்துக்கொள்ள ஒரு கயிறு கையில் இருந்தது. 1983இல் வேறொரு வழக்கில், அதிபரின் முன் வைக்கப்படாத இத்தகைய தீர்மானங்களுக்குச் சட்ட வலு இல்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதிகாரப் பிரிவினையின் பெயராலேயே அத்தீர்ப்பு வழங்கப்பட்டது என்பதையும் அதன் தர்க்கத்தில் பிழை காண்பது எளிதன்று என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். விளைவு என்ன? கயிறு அறுந்தது, கொடுத்த அதிகாரம் அப்படியே இருந்தது. 2019இல் எல்லைச் சுவருக்கெனப் பிறப்பிக்கப்பட்ட நெருக்கடி நிலையை முடித்துவைக்க இரு அவைகளும் வாக்களித்தன. அதிபர் அதைத் தம் மறுப்பாணையால் தள்ளினார். அதை மீறுவதற்குரிய மூன்றில் இரண்டு பங்கு கிட்டவில்லை. சாதாரணப் பெரும்பான்மையால் கொடுத்ததை மூன்றில் இரண்டு பங்கால் மீட்க வேண்டிய இந்த ஏற்றத்தாழ்வை, அதிகாரம் கேட்டு உங்கள் முன் வரும் ஒவ்வொரு மசோதாவிலும் முதலில் தேடிப் பாருங்கள்.

அதைத் தலைகீழாக அமைக்கவும் முடியும். தென்னாப்பிரிக்க அரசியலமைப்பின் 37ஆம் பிரிவின்படி நெருக்கடி நிலை 21 நாள்களுக்கு மேல் நீடிக்க அவையின் ஒப்புதல் வேண்டும். முதல் நீட்டிப்புக்குப் பெரும்பான்மை போதும், அடுத்தடுத்த நீட்டிப்புகளுக்கு 60 விழுக்காடு உறுப்பினர்களின் ஆதரவு வேண்டும். நாள் செல்லச் செல்லச் சுமை அரசின் தோளில் கூடுகிறது. கனடாவின் 1988ஆம் ஆண்டு நெருக்கடிகள் சட்டமோ, காமன்ஸ் சபையின் 20 உறுப்பினர்கள் அல்லது செனட்டின் 10 உறுப்பினர்கள் கையெழுத்திட்டாலே பிரகடனத்தை ரத்துச் செய்யும் தீர்மானத்தை அவையின் விவாதத்திற்குக் கொண்டுவரலாம் என்கிறது. பெரும்பான்மையின் தயவை எதிர்பார்க்காத கண்காணிப்பே உண்மையான கண்காணிப்பு. ஜெர்மனியில் நான்கில் ஒரு பங்கு உறுப்பினர்கள் கேட்டால் விசாரணைக் குழுவை அமைத்தே ஆக வேண்டும் என்பதும் இந்த வகையைச் சேர்ந்தது.

கொறடாவின் ஆணையைச் சுட்டிக்காட்டி, எங்களுக்கு வேறு வழி ஏது என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் 52ஆவது திருத்தம், கட்சியின் கட்டளைக்கு மாறாக வாக்களிப்பவரின் பதவியைப் பறிக்க வழிசெய்தது. வங்கதேச அரசியலமைப்பின் 70ஆம் பிரிவும் அத்தகையதே. காசுக்குக் கட்சி மாறுவதைத் தடுக்க எழுந்த ஏற்பாடு அது என்பதையும், அந்த நோய் கற்பனையல்ல என்பதையும் அறிவேன். ஆனால் மருந்து நோயை மட்டும் தாக்கவில்லை. அரசு கவிழ்ந்துவிடக்கூடிய நம்பிக்கை வாக்கெடுப்புக்கும் நிதிநிலை அறிக்கைக்கும் பொருந்த வேண்டிய கட்டுப்பாடு, மீன்வளம் பற்றிய மசோதாவின் ஓர் உட்பிரிவுக்கும் பொருந்துகிறது. அப்படியானால் நூற்றுக்கணக்கானோர் எதற்கு? கட்சித் தலைவர்கள் சிலர் தத்தம் எண்ணிக்கையைச் சுமந்துகொண்டு ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்தாலே போதுமே. இக்கட்டுப்பாட்டை அரசின் உயிரைப் பற்றிய வாக்கெடுப்புகளோடு நிறுத்திக்கொள்ளும்படி சட்டத்தைத் திருத்த உங்களுக்கு அதிகாரம் உண்டு. அதற்கும் கொறடா தடை விதிப்பார் என்று நீங்கள் சொன்னால், நோயின் ஆழம் இருவருக்கும் தெளிவாகிவிட்டது.

நீதிமன்றம் இருக்கிறதே என்ற ஆறுதலுக்கு வருகிறேன். இருக்கிறது, சில வேளைகளில் உங்கள் கதவையே அது திறந்துவிட்டிருக்கிறது. 2018 டிசம்பரில் இலங்கை உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள், நாலரை ஆண்டுகள் நிறைவடையும் முன் நாடாளுமன்றத்தைக் கலைத்த அதிபரின் செயல் அரசியலமைப்புக்கு முரணானது என்று ஒருமனதாகக் கூறினார்கள். 2019 செப்டம்பரில் பிரிட்டன் உச்ச நீதிமன்றத்தின் பதினோரு நீதிபதிகள், ஐந்து வாரங்களுக்கு அவையை ஒத்திவைத்தது செல்லாது என்றார்கள். ஆனால் கதவைத் திறந்துவிட்ட நீதிபதி உள்ளே வந்து உங்கள் இருக்கையில் அமர முடியாது. நீதிமன்றங்களும் தவறக்கூடியவை: 1976இல், நெருக்கடி நிலையின்போது தடுப்புக் காவலில் வைக்கப்பட்டவர் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்ய இயலாது என்று இந்திய உச்ச நீதிமன்றத்தின் நான்கு நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள், எச். ஆர். கன்னா ஒருவரே மறுத்தார். அந்தத் தவறைப் பின்னர் சட்டத்தால் சரிசெய்தது நாடாளுமன்றம்தான். உயிருக்கும் தனிமனிதச் சுதந்திரத்திற்குமான உரிமையை நெருக்கடி நிலையிலும் நிறுத்திவைக்க முடியாதென 1978ஆம் ஆண்டின் 44ஆவது திருத்தம் உறுதிசெய்தது.

நீதிமன்றத்தை நம்பி ஓர் அவை கடமையைத் தட்டிக்கழித்தால் என்ன ஆகும் என்பதற்குத் தென்னாப்பிரிக்கா தரும் பாடம் நீளமானது. அதிபர் ஜேக்கப் சூமாவின் நிகாண்ட்லா இல்லத்தில் பாதுகாப்போடு தொடர்பற்ற கட்டுமானங்கள் பொதுப் பணத்தில் செய்யப்பட்டன. நீச்சல் குளமும் மாட்டுத் தொழுவமும் கோழிக் கூண்டும் அவற்றில் அடங்கும். அவற்றுக்கான செலவில் ஒரு பகுதியை அவர் திருப்பிச் செலுத்த வேண்டும் என்று அரசின் முறைகேடுகளை விசாரிக்கும் அதிகாரியான மக்கள் பாதுகாவலர் 2014இல் அறிக்கை அளித்தார். தேசியப் பேரவை அதை நடைமுறைப்படுத்துவதை விட்டுவிட்டு, அதிபர் எதுவும் செலுத்தத் தேவையில்லை என்ற அமைச்சரின் அறிக்கையை ஏற்றுக்கொண்டது. 2016 மார்ச் 31 அன்று அரசியலமைப்பு நீதிமன்றம் அதிபர் மட்டுமன்றிப் பேரவையும் தன் கடமையை மீறியது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது; தீர்ப்பை எழுதியவர் தலைமை நீதிபதி மோகோயெங். 2017 டிசம்பரில் மீண்டும் ஒரு வழக்கு. இம்முறை, அதிபரைப் பதவிநீக்குவதற்கான விதிமுறைகளைக்கூடப் பேரவை வகுத்து வைக்கவில்லை என்று பெரும்பான்மை நீதிபதிகள் கண்டறிந்தார்கள். அதே மோகோயெங் இத்தீர்ப்போடு மாறுபட்டு, இது நீதித்துறை எல்லைமீறலுக்குச் சரியான எடுத்துக்காட்டு என்று கடுமையாக எழுதினார். இரு தரப்பிலும் நியாயம் உண்டு என்றே நான் கருதுகிறேன். பேரவை விட்டுவைத்த வெற்றிடத்தில் நீதிமன்றம் நுழையாவிட்டால் அரசியலமைப்பு வெறும் காகிதம். நுழைந்தால், தேர்ந்தெடுக்கப்படாதவர்கள் அவையை நடத்துகிறார்கள் என்ற குற்றச்சாட்டு. நீதிபதிகளை அந்த இக்கட்டில் நிறுத்தியவர்கள் உறுப்பினர்கள். ‘நீதித்துறை தலையிடுகிறது’ என்று உங்கள் அவையில் அடுத்த முறை யாரேனும் முழங்கும்போது, அந்த இடம் எப்படி வெற்றிடமானது என்றும் கேளுங்கள்.

நெருக்கடியில் அவை கூடிப் பேசிக்கொண்டிருக்க நேரம் ஏது என்ற வாதம் ஒன்று உண்டு. 2024 டிசம்பர் 3 இரவு தென்கொரிய அதிபர் யூன் சுக் இயோல் இராணுவச் சட்டத்தை அறிவித்தார். காவலர்கள் வாயில்களை அடைத்தார்கள். படைவீரர்கள் கட்டடத்திற்குள் புகுந்தார்கள். அவைத்தலைவர் உட்பட உறுப்பினர்கள் பலர் மதிலேறிக் குதித்து உள்ளே போனார்கள். மூன்று மணி நேரத்திற்குள் அவையிலிருந்த 190 பேரும், அதிபரின் சொந்தக் கட்சியைச் சேர்ந்த 18 பேர் உட்பட, அதை நீக்க வாக்களித்தார்கள். எனினும் அடுத்து நடந்ததையும் சொல்லாவிட்டால் நான் நேர்மையாளனல்லன். நான்கு நாள் கழித்துப் பதவிநீக்கத் தீர்மானம் வந்தபோது ஆளுங்கட்சியினர் ஏறத்தாழ அனைவரும் வெளியேறிவிட்டார்கள். வேண்டிய 200 சேரவில்லை. டிசம்பர் 14இல்தான் 204 வாக்குகள் கிடைத்தன. மதிலேறுவதைக் காட்டிலும், வெளியேறும் கூட்டத்தின் நடுவே தன் இருக்கையில் உட்கார்ந்திருப்பது கடினம் போலும்.

உங்களிடம் நான் கேட்பவை பெரிய சீர்திருத்தங்கள் அல்ல. அவற்றுள் பல அவை நடைமுறை விதிகளைத் திருத்தினாலே ஆகக்கூடியவை. விதி வகுக்கும் அதிகாரத்தை அளிக்கும் ஒவ்வொரு பிரிவிலும் எல்லையையும் முடிவுத் தேதியையும் எழுதச் சொல்லுங்கள். அத்தேதிக்குப் பின் அதிகாரம் தொடர வேண்டுமானால் அரசு மீண்டும் உங்களிடம் வந்து கேட்கட்டும். மசோதாவைக் குழுவுக்கு அனுப்பாமல் ஒரே நாளில் நிறைவேற்றக் கேட்டால், அந்த அவசரத்திற்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அரசின் செலவுகளை ஆராயும் கணக்குக் குழுவின் தலைமை எதிர்க்கட்சிக்கு என்ற நல்ல மரபு உங்கள் நாட்டில் இருந்தால் அதைக் காப்பாற்றுங்கள், இல்லையேல் தொடங்குங்கள்.

இவற்றுள் எதுவும் கைகூடாது, பெரும்பான்மை உங்களிடம் இல்லை, கொறடாவும் விடமாட்டார் என்ற நிலை வரலாம். அப்போதும் ஒன்று உங்கள் கையில் இருக்கிறது. குரல் வாக்கெடுப்பில் ‘ஆம்’ என்ற இரைச்சலுக்குள் அந்தப் பிரிவு கடந்துபோக விடாதீர்கள். எழுந்து நின்று, பெயர் பதியும் வாக்கெடுப்பைக் கோருங்கள். எழுதிக் கொடுத்தவர்கள் யார் யார் என்பதாவது அவைக் குறிப்பில் இருக்கட்டும்.

மதிப்புடன்,
சட்டம் கற்பித்த ஒரு குடிமகன்